கடலில்லா ஊரில் ஓதம்

செம்மடுவு கண்காணிப்புக் கிணறு, எண் பதினேழு.
ஆழம் நூற்றிருபது மீட்டர், அகலம் ஆறரை அங்குலம்.
இதிலிருந்து யாரும் ஒரு குடம் இறைத்ததில்லை.
நீர் எங்கே நிற்கிறது என்று பார்ப்பதற்கு மட்டும்
அரசு போட்ட துளை.
பார்ப்பது நான்.

ஒரு நாளில் இரண்டு முறை
நீர் இறங்கி ஏறுகிறது.
மோட்டார் இல்லை, மழை இல்லை.
நிலவு மலைக்கு நேர் மேலே வந்தால் ஒருமுறை,
என் காலுக்கடியில், பூமிக்கு அந்தப்புறம் போனால் இன்னொருமுறை.

சேலத்துக்காரர்களிடம் சொன்னால் சிரிப்பார்கள்.
ஓதம் கடலுக்குத்தானே, நமக்கேது?
கல்லுக்கும் உண்டு.
சேர்வராயன் மொத்தமும்
காப்பிச் செடி, மிளகு ஏறிய சில்வர் ஓக்,
பாக்சைட் லாரி, இருபது கொண்டை ஊசி வளைவோடு
ஒரு சாண் எழுந்து ஒரு சாண் அமர்கிறது.
யாருக்கும் தெரியாது.
அளக்கும் கோலும் கூடவே எழுந்துவிடுகிறதே.

பாறை எழுகையில் விரிசல்கள் மயிரிழை வாய் திறக்கும்.
நீர் அதற்குள் போகும்.
கிணற்றில் மூன்று சென்டிமீட்டர் குறையும்.
இருக்கிற சாட்சி அது ஒன்றுதான்.

அம்மாப்பேட்டையில் எங்கள் வீட்டுக்குத்
துரைக்கண்ணு மாமா வந்தபோது நான் பத்தாம் வகுப்பு.
அக்காவைக் கட்டிக்கொண்டு,
வீட்டோடு மாப்பிள்ளை.

நெப்டியூனுக்கும் அப்படி ஒருவர் அமைந்தார்.
டிரைட்டன்.
அங்கே பிறந்ததல்ல, போகிற வழியில் அகப்பட்ட நிலவு.
கோள் ஒரு பக்கம் சுழல
இது எதிர்ப்பக்கம் சுற்றும்.
அது வந்தபோது, முன்பே இருந்த சிறுநிலவுகள்
ஒன்றோடொன்று மோதித் தூளாயின என்கிறார்கள்.
நெரெய்டு என்று ஒன்று பிழைத்தது.
அதன் பாதை மட்டும் இழுபட்டு நீண்டுபோயிற்று,
ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய ஒரு வருடம்.

மாமா யாரையும் போகச் சொன்னதில்லை.
இதை நான் எழுதியே தருவேன்.
குரல் உயர்த்தியதுகூட இல்லை.
ஜவ்வரிசிக் கமிஷன், இரண்டு லாரி,
முன்னறையில் அவருக்கென்று ஒரு நாற்காலி.
எடை இருந்தது. அவ்வளவே.

அதன் பிறகு அப்பா மெல்லச் சுழன்றார்.
ஒரு காப்பி முடிய அரைமணி,
ஒரு கேள்விக்குப் பதில் மறுநாள்.
பிறகு எந்நேரமும் ஒரே முகத்தை
நாற்காலிப் பக்கம் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.
தம்பி இளவழகன் ஷார்ஜாவில் போய் விழுந்தான்.
நான் வளைவு வளைவாக ஏறி, இங்கே.

தூரத்தில் நெரெய்டு ஊர்ந்துதான் போகுமாம்.
கிட்டே வரும்போதுதான் அந்த ஓட்டம்.
ஆடிப் பண்டிகைக்குத் தம்பி வந்தான், பத்து நாள்.
கோட்டை மாரியம்மன் வாசலில் பொரி வாங்கினோம்.
கேட்க நினைத்ததைக் கேட்பதற்குள்
பெட்டியை எடை போட்டுக்கொண்டிருந்தான்.

எதிர்ப்பக்கம் சுற்றுவது உள்நோக்கி இறங்கும்.
கோடானுகோடி வருடம் கழித்து
டிரைட்டன் நொறுங்கி வளையமாகும்.
நம் நிலவு அப்படியில்லை,
வருடத்துக்கு நாலு சென்டிமீட்டர்
சொல்லிக்கொள்ளாமல் விலகிக்கொண்டிருக்கிறது.
எது மேல் என்று எனக்குத் தெரியவில்லை.

போன வாரம் அக்கா கூப்பிட்டாள்.
மாமாவுக்கு வாரம் மூன்று டயாலிசிஸ்.
ஐம்பத்தொரு கிலோதான் இருக்கிறார்டி என்றாள்.
நான் என்ன சொல்ல?
இழுத்தது இளைத்துவிட்டால்
பாதை திரும்ப நிமிருமா?

இன்று பௌர்ணமி.
கீழே சேலம் கொட்டிக் கிடக்கிறது,
அதில் எங்கள் வீட்டு விளக்கு எதுவென்று
இங்கிருந்து ஒருநாளும் பிடிபட்டதில்லை.
டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு எழுதினேன்:
இரவு 11.50. நீர்மட்டம் 3.1 குறைவு.
மூடியைப் பூட்டினேன்.
அடியில் எங்கோ கல் திறந்திருக்கிறது.

முதல் பஸ் ஐந்தரைக்கு.